குடந்தையைச் சூழ்ந்த திருக்கோயில்களும் அவற்றின் கல்லெழுத்துக்களும்

திருச்சிற்றம்பலம்

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங்கழுவப் பெற்ற மெய்யன்பர், அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கொண்டு வழிபடுவர் என அறிவுறுத்துகின்றது. இதனை நாம் பலகாலும் ஓதியும் கேட்டும் வருகின்றோம். ஆயினும், திருக்கோயில் என்னுஞ் சொற்குப் பொருள் கொள்ளுங்கால், கருவறையும் அதன்கண் எழுந்தருளிய திருவுருவுமே நம் உள்ளத்தில் நிற்கின்றன. சுவரும் தூணும் மதிலும் அவற்றைக் காக்கும் வெறுங் கட்டடமாகவே எண்ணப்படுகின்றன. ஆகமங்களின் கருத்து அஃதன்று. அவை விமானத்தைத் தூலலிங்கம் எனக் கூறும். அதன் உறுப்புக்களுக்குப் பாதம், கண்டம், சிகரம் என உடலுறுப்பின் பெயர்களையே வழங்கும். எனவே, கோயிற் சுவரும் இறைவன் திருமேனியின் ஒரு கூறேயாதல் பெறப்படும். அச்சுவரிற் பொறிக்கப்பட்ட எழுத்தும் அவ்வாறே போற்றற்பாலது. இவ்வுண்மையைக் குடந்தை நகரையும் அதனைச் சூழ்ந்துள்ள பழங்கோயில்களையும் துணையாகக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

குடந்தையைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணமுண்டு. காவிரிக்கும் அரிசிலாற்றுக்கும் இடையே அமைந்த இந்நகர் தேவாரத்திற் குடமூக்கு எனவும், குடந்தைக் கீழ்க்கோட்டம் எனவும், குடந்தைக் காரோணம் எனவும் பாடல் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை மாசித் திங்களில் நிகழும் மகாமக நீராட்டு இதன் பெருஞ் சிறப்பு. 2016இல் அவ்விழா நிகழ்ந்தது. அடுத்தது 2028இல் வருவது. நாடெங்குமிருந்து வருவோர் திருக்குளத்தில் நீராடிக் கும்பேசரை வணங்கி மீள்கின்றனர். அவருட் பலர், நகரைச் சூழ நாற்றிசையினும் கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான சோழர் காலத்துக் கற்றளிகள் அணியணியாக நிற்றலை அறியார். அறிந்து சென்று வணங்குவோரும், அவற்றின் சுவர்கள் யாது கூறுகின்றன என வினவுதல் அரிது.

சுவர்கள் கூறுவன பெரும்பாலும் அறக்கட்டளைகளே. நுந்தாவிளக்கு ஒன்று எரித்தற்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு கொடுத்ததும், திருவமுதுக்கும் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார்க்கும் நிலம் விட்டதும், அந்நிலத்தின் நாற்பெல்லையும், அதனைக் காப்பார் பெயரும் அவற்றிற் காணப்படும். மன்னரும் தேவியரும் மட்டுமல்லர். வணிகர், ஊர்ச்சபையார், தளிச்சேரிப் பெண்டுகள் முதலாயினாரும் தத்தம் அன்பினை அங்கே எழுதி வைத்தனர்.

அற்றேல், "சித்தாந்திக்கு வேண்டுவது பதி பசு பாச உணர்வன்றோ? மன்னர் பெயரும் ஆட்டின் தொகையும் அவனுக்கு எற்றுக்கு?" எனின், கூறுதும். முதலாவது, அவ்வெழுத்துக்கள் மன்னர்க்காக எழுந்தனவல்ல. இறைவற்கு உரியனவற்றிற்குச் சான்றாக எழுந்தன. சிவன் சொத்துக்கு ஆவணமாயுள்ளதனைச் சிவனடியான் புறக்கணித்தல் முறையன்று. இரண்டாவது, நாயன்மார் வரலாறும் சித்தாந்த ஆசிரியர் மரபும் இந்நிலத்தில் மெய்யாக நிகழ்ந்தன என்பதற்கு அவை கரி. அதனைச் சில தலங்களிற் காண்போம்.

குடந்தைக்கு வடமேற்கே, கொள்ளிடத்திற்கும் மண்ணியாற்றிற்கும் அணித்தாக உள்ளது திருப்புறம்பயம். மூவர் பாடலும் பெற்ற தலம். இவ்வூரில் ஏறக்குறைய கி.பி. 880இல் ஒரு பெரும்போர் நிகழ்ந்தது. பாண்டியன் இரண்டாம் வரகுணன் ஒருபுறமும், பல்லவன் அபராசிதனும் அவனுக்குத் துணையாகக் கங்கமன்னன் முதற் பிருதிவீபதியும் மறுபுறமும் நின்று பொருதனர். பல்லவற்கு வெற்றி தேடித் தந்து கங்கன் தன் உயிரை ஈந்தான் என்று அவன் மரபினனது உதயேந்திரச் செப்பேடு கூறும். பல்லவர்பக்கல் நின்ற ஆதித்த சோழன் இப்போரின் பின்னரே வலிமை பெற்றான். அவ்வலிமையை அவன் எவ்வாறு பயன்கொண்டான் என்பதனை அன்பிற் செப்பேட்டாற் காண்க: சையமலை தொட்டுக் கடல்வரை காவிரியின் இருகரையினும் சிவபெருமானுக்குக் கற்றளிகள் நிரல்பட எடுத்தான் என்பது அதன் கூற்று. குடந்தை நகரினுள்ளே கீழ்க்கோட்டம் எனப்படும் நாகேசர் திருக்கோயில் அக்காலத்துச் சிற்பத்திற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. அதன் கருவறைச் சுவரின் மாடங்களில் உள்ள ஆடவர் பெண்டிர் உருவங்களை நோக்குவார், கல் என்பதனை மறப்பர். சித்திரைத் திங்களிற் சில நாட்களில் கதிரவன் ஒளி நேரே சென்று திருமேனியைத் தீண்டுமாறு அக்கோயில் அமைக்கப்பட்டிருத்தலும் அறியத்தக்கது.

புறம்பயத்தைக் கூறும்பொழுது அவ்வூர்ப் பெரியார் ஒருவரைக் கூறாது போதல் தகாது. 1892இல் அங்குப் பிறந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார், குடந்தைப் பாணாதுறை உயர்நிலைப்பள்ளியிற் பல்லாண்டு தமிழாசிரியராக இருந்து, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்து, 1960இல் இறைவனடி சேர்ந்தார். அவர் தமிழ்ப்புலமையோடு கல்லெழுத்துப் பயிற்சியும் உடையராய்ப் பிற்காலச் சோழர் வரலாற்றினைத் தமிழில் எழுதி உதவினார். தமிழாசிரியர்க்குக் கல்வெட்டு அயலான துறையன்று என்பதனைத் தம் வாழ்நாளாற் காட்டியவர் அவர்.

இனி, குடந்தையின் மேல்பால் உள்ள தாராசுரத்தை நோக்குவோம். இது கல்வெட்டுக்களில் இராசராசேச்சரம் எனப்படும். இரண்டாம் இராசராசன் (1146–1173) எடுப்பித்தது. 2004இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது. தேரெனச் சமைத்த மண்டபத்தையும் நுண்ணிய தூண்களையும் காண்பதற்கு எண்ணிறந்தோர் வருகின்றனர். சைவர்க்கு அதனினும் சிறந்ததொன்று அங்கே உளது. கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில், நிலத்தினின்று சிறிதே உயரத்தில், திருத்தொண்டர் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாக வரிசைப்பட அமைந்துள்ளன. அவற்றிற் பலவற்றின்மேல் இஃது இன்னார் வரலாறு என்பதற்குச் சிறிய எழுத்துக்களிற் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

இதன் அருமை யாது? சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தை அருளியது இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்து என்ப. அவன் மகனே இராசராசேச்சரம் எடுத்தவன். எனவே, அந்நூல் எழுந்து ஒரு தலைமுறை கழியுமுன் அடியார் வரலாறுகள் அரசன் எடுத்த கோயிலின் சுவரில் ஏறிவிட்டன. ஏட்டைப் படிக்க அறியாதாரும் வலம்வருங்கால் அடியார் வரலாற்றைக் கண்ணாற் கற்குமாறு அச்சிற்பிகள் செய்தனர். ஏட்டிற் காணப்படும் வேறுபாடுகளை ஒப்புநோக்குவார்க்கும் அச்சிற்பங்கள் ஓர் உரைகல்லாம். மேலும், அக்கோயிலின் வடபால் திருச்சுற்றில் நூற்றெட்டுச் சிவாசாரியர் உருவங்கள் பெயருடன் உள்ளன. சிற்பத்தைக் கண்டு வியந்து, அதன் மேலுள்ள ஒரு விரற்கடை எழுத்தைக் காணாது போவோமாயின், உருவம் எஞ்சும். அவ்வுருவம் யார் என்பது மறையும். சிற்பத்தைச் சான்றாக்குவது அவ்வெழுத்தே.

குடந்தைக்குக் கீழ்பால் உள்ள திரிபுவனம் மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) எடுத்தது. கம்பகரேசர் கோயில் என இன்று வழங்குவது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, தில்லை, காஞ்சி, மதுரை, திருவாரூர் முதலிய தலங்களில் அவன் செய்த திருப்பணிகளைத் தொகுத்துக் கூறுகின்றது. அதனோடு, அக்கோயிலில் இறைவனை எழுந்தருளுவித்தவர் அரசற்கு ஆசிரியராகிய ஈசுவரசிவர் எனவும், அவர் சீகண்டசிவரின் மகனார் எனவும், சித்தாந்த ரத்னாகரம் என்னும் நூலைச் செய்தவர் எனவும் அது உரைக்கின்றது. மெய்கண்டதேவர் காலம் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்பர். அதற்குச் சற்று முன்னரே, காவிரிக்கரையில், சித்தாந்த நூல்செய்த ஓர் ஆசிரியர் பேரரசற்குக் குருவாக விளங்கினார் என்பதற்கு அக்கல்லே கரியாக நிற்கின்றது. நம் சமய வரலாற்றில் ஆசிரியர் காலத்தை அறுதியிடுதற்கு இத்தகைய கரிகள் எத்துணை அரியன என்பது இத்துறையிற் பயின்றார்க்கு விளங்கும்.

குடந்தையின் தென்மேற்கே பழையாறை, பட்டீச்சரம், சத்திமுற்றம், நல்லூர் என்பன ஒன்றையொன்று அடுத்துள்ளன. பழையாறை சோழரது இரண்டாந் தலைநகர் போல விளங்கிய பெருநகர்; அமர்நீதி நாயனார் பிறந்த பதி; மறைக்கப்பட்ட வடதளிப் பெருமானைக் காணும்வரை உணவு கொள்ளேன் என்று திருநாவுக்கரசர் இருந்த இடம். சத்திமுற்றத்தில் அவர் திருவடி சூட்டுமாறு வேண்ட, நல்லூரில் இறைவன் அவ்வாறே அருளினன் என்பது புராணம். பட்டீச்சரமோ, வெயிலில் நடந்து வந்த ஆளுடையபிள்ளையார்க்கு முத்துப்பந்தர் அளிக்கப்பட்ட தலம். அப்பெருநகர் இன்று சிற்றூர்களாகவும் வயல்களாகவும் சிதறிக் கிடக்கின்றது. மாளிகைகள் மறைந்தன, திருக்கோயில்களும் அவற்றின் கல்லெழுத்துக்களுமே எஞ்சி நின்று பழமையை உரைக்கின்றன.

பட்டீச்சரத்திற்கு அணித்தாக இராமநாதன்கோயில் என வழங்கும் இடத்தில் ஒரு சிறிய சிவன்கோயில் உளது. அது முதல் இராசேந்திரன் தன் சிற்றன்னையாகிய பஞ்சவன் மாதேவியார் நினைவாக எடுத்த பள்ளிப்படை என்பது அங்குள்ள கல்லெழுத்தால் விளங்குகின்றது. மாற்றாந்தாய்மாட்டு மகன் கொண்ட அன்பு, சிவபூசையாக மாறி ஆயிரம் ஆண்டு நிலைத்தது. அவ்வெழுத்து இல்லையேல் அஃது ஊர்ப்புறத்து ஒரு சிறு கோயில் என்பதன்றி வேறொன்றும் நாம் அறியோம்.

எழுத்து அழியாதிருப்பினும், அது தன் இடத்தினின்று பெயர்ந்துவிடின் என்னாம்? அதற்கும் இப்பகுதியிலேயே சான்று உளது. உடையாளூர்ப் பால்குளத்தம்மன் கோயிலில் உள்ள தூண் ஒன்றில், முதற் குலோத்துங்கனது 42ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுக் காணப்படுகின்றது. இராசராச தேவராகிய சிவபாதசேகர தேவரது திருமாளிகையின் முன்னுள்ள மண்டபம் பழுதுற்றமையின் புதுக்கப்பட்ட செய்தியை அது கூறும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுத்த மாமன்னன் பெயர் அது. அத்திருமாளிகை யாண்டு இருந்தது, அஃது எத்தகையது என்பது பற்றி அறிஞர் இன்றும் பலபடக் கூறி வழக்கிடுகின்றனர். தூண் தான் நின்ற மண்டபத்திலேயே நின்றிருக்குமாயின் இவ்வழக்கிற்கு இடனில்லை. எழுத்தும் இடமும் கூடிய வழியே சான்று முழுமையுறும் என்பது இதனாற் போதரும்.

ஈண்டு மற்றொரு தடை எழும். "கோயில்கள் பழமையுற்றுச் சிதைதல் இயற்கை. அவற்றைப் புதுக்குதல் பெரும் புண்ணியமென ஆகமங்கள் சீர்ணோத்தாரண விதியிற் கூறுகின்றன. புதுக்குங்கால் பழங்கற்கள் சில மாறவே செய்யும். எழுத்தைக் காத்தற்பொருட்டுத் திருப்பணியை நிறுத்துவதோ?" என்பர் சிலர். நன்று வினவினர். திருப்பணியை நிறுத்தல் வேண்டா. எழுத்தையும் திருப்பணியையும் ஒருங்கே காத்த ஒருவர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நமக்கு வழி வகுத்துள்ளார். அவரே செம்பியன் மாதேவியார்.

தில்லையைத் திருவிசைப்பாவாற் பாடிய கண்டராதித்த சோழரின் தேவியார் இவர். உத்தம சோழனை (970–985) ஈன்ற தாயார். இளமையிலே கணவரை இழந்து, எஞ்சிய நெடுவாழ்நாள் முழுவதையும் செங்கற் கோயில்களைக் கற்றளியாக்குதலிற் செலவிட்டவர். திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்துக் கோயிலைத் தம் கணவர் பெயரால் எடுத்து, அவர் இறைவனை வழிபடுவதாகச் சிற்பம் அமைத்து, அதன்கீழ் அச்செய்தியையும் எழுதுவித்தார். அக்கோயிலைச் செய்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பானது பெயரையும் மறவாது பொறிப்பித்தார்.

அவர் திருப்பணி செய்த தலங்களுள் ஒன்று, குடந்தைக்கு வடகிழக்கே காவிரியின் வடபால், கஞ்சனூரை அடுத்துள்ள திருக்கோடிகா. அங்கே பழைய கோயிலைச் சார்ந்த கற்களில் முன்னோர் அறங்கள் பல எழுதப்பட்டிருந்தன. கற்றளி எடுக்குங்கால் அக்கற்கள் பயன்படாவாயின. அம்மையார் அவற்றை எறிந்துவிடவில்லை. பழங்கற்களில் இருந்தனவற்றையெல்லாம் படியெடுத்துப் புதிய சுவரில் மீளப் பொறிக்கச் செய்து, இவை பழங்கற்படி எனக் குறிப்பும் எழுதுவித்தார். அவற்றுட் பல அவர் குலத்தார் செய்தனவல்ல. பல்லவ மன்னர் காலத்தனவும் பாண்டியன் வரகுணன் காலத்தனவும் அவற்றுள் உள. பல்லவன் நிருபதுங்கனது தேவியார் இரணியகருப்பமும் துலாபாரமும் புகுந்து அப்பெருமானுக்குப் பொன் வழங்கிய செய்தி இன்று நமக்குக் கிடைத்தது இதனாலேயே. சோழர்க்குப் பகைவராயிருந்தோர் செய்த அறத்தைச் சோழர் தேவியார் தம் சுவரில் இடங்கொடுத்துக் காத்தார். அறம் எவர் செய்ததாயினும் அஃது இறைவற்கு உரியது. அதனை மறைத்தற்கு எவர்க்கும் உரிமையில்லை என்பதே அவர்தம் உள்ளக்கிடை என அச்செயலால் உணரலாம். தம் பெயரை விளக்கும்பொருட்டுப் பிறர் பெயரை அழித்தல் ஆணவத்தின் செயல். பிறர் பெயரைக் காத்துத் தம் பணியைச் செய்தல் சிவப்பணி.

இந்நெறி இன்று பேணப்படுகின்றதா? பல இடங்களில் இல்லை என்பதனை வருத்தத்துடன் கூறுகின்றோம். ஓரூரில், எழுத்துடைக் கல் மதிலிடையே தலைகீழாக வைத்துக் கட்டப்பட்டிருத்தலை யாம் கண்டோம். வேறோரிடத்தில் பழந்தூண் வாயிற்படியாகி, எழுத்தெல்லாம் மிதியுண்டு தேய்ந்து கிடந்தது. சுவரைத் தூய்மை செய்வதாக மணலைக் காற்றழுத்தத்தால் வீசியடிக்கும் முறை எழுத்தின் விளிம்பை மழுக்கிவிடும். இரண்டாம் முறை வீசின் எழுத்தே மறையும். வண்ணமும் சிமிட்டிப் பூச்சும் எழுத்தை மூடும். இவை பகைமையால் நிகழ்வனவல்ல. பெரும்பாலும் அன்பினாலேயே நிகழ்கின்றன. அறியாமையொடு கூடிய அன்பு செய்யுந் தீங்கு இது.

அழிந்த கல்லோடு யாது அழியும் என்பதற்கு, குடந்தை வட்டத்தின் வேறாயினும் சோணாட்டிலேயே உள்ள திருவிடைவாய் தக்க சான்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தலத்துக் கோயிற் கல்வெட்டிலிருந்து திருஞானசம்பந்தர் திருப்பதிகம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அஃது ஏடுகளிற் காணப்படாதது. ஏடு காவாததனைக் கல் காத்தது. அச்சுவரை நம் முன்னோர் பெயர்த்து உடைத்திருப்பின், ஆளுடையபிள்ளையாரின் திருவாக்கு ஒன்றை நாம் இழந்திருப்போம். இழந்தோம் என்பதனையும் அறிந்திரோம்.

ஆகவே, திருப்பணி செய்வார் கருதவேண்டுவன சில. திருப்பணி தொடங்குமுன், சுவரிலும் தூணிலும் அடித்தளத்திலும் உள்ள எழுத்தனைத்தையும் வல்லாரைக் கொண்டு படியெடுத்தல் வேண்டும். நனைத்த தாளை எழுத்தின்மேல் ஒற்றி மையிட்டெடுக்கும் படியும் நிழற்படமும் இரண்டுமே நன்று. 1886 முதல் அரசினர் கல்வெட்டுத் துறையார் இப்பணியைச் செய்து வருகின்றனராதலின், முன்னர்ப் படியெடுக்கப்பட்டதோ என அவர்பால் வினவி அறிதலும் தகும். சுவரைப் பிரிக்குங்கால் ஒவ்வொரு கல்லிற்கும் எண்ணிட்டு, அவ்வெண்வரிசையிலேயே மீண்டும் அடுக்குதல் வேண்டும். எழுத்துள்ள சுவரில் வண்ணமோ பூச்சோ மணல்வீச்சோ கூடா. கல் உடைந்து மாற்ற நேரின், அம்மையார் செய்தவாறு புதுக்கல்லிற் படி பொறித்து, பழைய கல்லைத் திருச்சுற்றில் ஓரிடத்தே காத்தல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முற்கருத்தும் பொறுமையுமே வேண்டும்.

வழிபடுவார்க்கும் கடமையுண்டு. தம்மூர்க் கோயிற் கல்வெட்டுக்கள் யாவை, அவற்றின் பொருள் யாது என்பதனை ஒருமுறையேனும் கேட்டறிதல் நன்று. பொருளறிந்த கல்லை எவரும் வாயிற்படியாக்கத் துணியார். ஓதுவாரும் தமிழாசிரியரும் திருவிழா நாட்களில் அவற்றை எளிய சொல்லால் எடுத்துரைப்பாராயின், ஊரார் தாமே அவற்றிற்குக் காவலாவர்.

மகாமகத்தை முன்னிட்டுக் குடந்தையிலும் சூழவுள்ள தலங்களிலும் திருப்பணிகள் நிகழ்தல் வழக்கம். 2028 அணித்தே வருதலின், இக்காலம் இவற்றைச் சிந்தித்தற்கு உரியது. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவிற் செய்ததனைத் திருப்பணிக் குழுவினர் ஒவ்வொருவரும் தமக்கு விதியாகக் கொள்வாராக. சுவரைத் தொடுமுன் அதன் எழுத்தைப் படித்தறிதலும் திருக்கோயிலைச் சிவனெனத் தொழுதலின் ஒரு பகுதியே என்க.

திருச்சிற்றம்பலம்